பாதுகாப்பு மந்திரி பதவி கூடுதல் பொறுப்பன்று

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையின் பாசனத்தை நம்பிக் கரும்பும் நெல்லும் பயிரிட்டு வாழ்கின்ற கச்சிராயபாளையத்துக் குடியானவனுக்கு, ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள லடாக்கின் பனிமலையைப் பற்றியும், அங்கே காவல் நிற்கின்ற சேனையை நிர்வகிக்கும் மந்திரியைப் பற்றியும் என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு, அது நியாயமான கவலையும்கூட. 2025-26ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 6.81 லட்சம் கோடி ரூபாய். மத்திய அரசு செலவிடுகின்ற எட்டு ரூபாயில் ஒரு ரூபாய்க்கு மேல் அந்த ஓர் அமைச்சகத்தின் வழியாகவே போகிறது. பணத்தைவிட மேலான ஒன்றையும் நம் பக்கத்து ஊர்கள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன: ஆள்சேர்ப்பு முகாமின் 1,600 மீட்டர் ஓட்டத்தில் தேற வேண்டுமென்று விடியுமுன் எழுந்து ஏரிக்கரையிலும் தார்ச்சாலையிலும் ஓடிப் பழகுகின்ற பிள்ளைகளை. அந்தப் பிள்ளைகளின் காலணி முதல் தோட்டா வரையில், அவர்கள் எந்தச் சிகரத்துக்கு எந்த ஆயத்தத்தோடு அனுப்பப்படுவார்கள் என்பது வரையில், முடிவாகப் பொறுப்பேற்பவர் டில்லியில் அந்த ஆசனத்தில் அமர்ந்திருப்பவரே.

யுத்தம் மூளும்போது பாதுகாப்பு மந்திரியின் பெயர் எல்லோர் நாவிலும் புழங்குகிறது. சமாதான காலத்தில் அந்தப் பதவியில் யார் இருக்கிறார், எத்தனை காலமாக இருக்கிறார், வேறு எந்த இலாகாவோடு அதனைச் சேர்த்துச் சுமக்கிறார் என்பதை யாரும் கேட்பதில்லை. கோமுகி அணையின் பழுதான ஷட்டரைச் சித்திரை வெயிலில் செப்பனிடாமல் விட்டுவிட்டு ஐப்பசி வெள்ளத்தன்று ஓடிப்போய்த் திருத்திவிட இயலாதென்பது நம் ஊர் விவசாயி ஒவ்வொருவருக்கும் தெரியும். தேசப் பாதுகாப்பிலும் அந்த நியாயமே செல்லும். சுதந்திரத்துக்குப் பிந்திய சரித்திரத்தை வரிசையாக நோக்குவோமானால், சேனை வென்றதற்கும் தோற்றதற்குமான காரணங்களில் பெரும்பகுதி, போருக்கு முந்திய அமைதியான ஆண்டுகளில் அந்த அமைச்சகம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதில் அடங்கியிருப்பது விளங்கும். அந்தப் பதவி முழுநேரப் பதவியாக, நீடித்த பதவியாக, சேனாபதியின் மறுப்பையும் காதுகொடுத்துக் கேட்டுத் தீர்மானித்து, அதற்குப் பாராளுமன்றத்தில் பதில் சொல்கின்ற பதவியாக இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நாம் பெற்ற நன்மையைச் சொல்லியாக வேண்டும். அந்நிய ஆட்சியில் பிரதம சேனாதிபதி என்பவர் வைஸ்ராய்க்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்தவர்; டில்லியில் அவர் வசித்த மாளிகையே பின்னர் தீன் மூர்த்தி பவனம் என்ற பெயரோடு பிரதம மந்திரி நேருவின் இல்லமாயிற்று. 1947இல் சர்தார் பல்தேவ் சிங் முதல் பாதுகாப்பு மந்திரியானார். 1949 ஜனவரி 15ஆம் நாள் ஜெனரல் கரியப்பா முதல் இந்தியப் படைத்தலைவராகப் பொறுப்பேற்றார். 1955இல் பிரதம சேனாதிபதி என்ற பதவிப் பெயரே நீக்கப்பட்டு, தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் சமநிலையுள்ள தலைமைத் தளபதிகள் அமைந்தனர். நம்மோடும் நமக்குப் பின்னும் விடுதலையடைந்த தேசங்கள் பலவற்றில் படைத்தளபதிகளே அரசாங்கத்தைக் கைப்பற்றியிருக்க, நம் தேசத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரியின் ஆணைக்குச் சேனை கட்டுப்பட்டு நின்றதென்றால், அந்தப் பெருமை ராணுவத்தின் ஒழுக்கத்துக்கும் அரசியல் அமைப்பின் உறுதிக்கும் உரியது. ஆயினும் அதிகாரத்தை நிலைநாட்டுவது ஒன்று, நிலைநாட்டிய அதிகாரத்தை அறிவோடு செலுத்துவது வேறொன்று.

இரண்டாவது பாதுகாப்பு மந்திரி தமிழர். தஞ்சைச் சீமையில் பிறந்து, 1937 முதல் 1943 வரை காஷ்மீரத்தின் திவானாக விளங்கி, அரசியல் நிர்ணய சபையிலும் ஐக்கிய நாடுகள் சபையிலும் காஷ்மீர விவகாரத்தை முன்னின்று கையாண்ட கோபாலஸ்வாமி ஐயங்கார், 1952இல் அப்பதவியை ஏற்றார். ஓராண்டு நிறையுமுன்னே, 1953 பிப்ரவரியில் காலமானார். அவருக்குப் பின் அந்த இலாகாவைப் பிரதம மந்திரி நேருவே ஏறக்குறைய இரண்டாண்டுகள் கூடவே வைத்துக்கொண்டார். வெளிவிவகாரத்தையும் திட்டக் குழுவையும் தேசம் முழுவதையும் தோளில் தாங்கிய ஒருவருக்கு, துப்பாக்கித் தொழிற்சாலையின் உற்பத்தியையும் மலைப்பாதையின் குறைபாட்டையும் அன்றாடம் விசாரிக்க அவகாசம் எங்கிருந்து வரும்? பாதுகாப்பு என்பது மற்றொருவர் தம் சொந்த வேலைக்கு இடையே கவனித்துக்கொள்ளத்தக்கது என்கிற மனோபாவம் அக்காலத்தில்தான் வேரூன்றியது. அதன் கிளைகள் இன்று வரையில் தழைத்திருக்கின்றன.

1957 ஏப்ரலில் வந்த வி.கே. கிருஷ்ண மேனன் ஐந்தரை ஆண்டுகள் நீடித்தார். அறிவுத்திறத்தில் அவருக்கு நிகரானவர்கள் அந்த ஆசனத்தில் சிலரே அமர்ந்திருக்கின்றனர். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு 1958இல் அவர் காலத்தில் உருவானது. 1965இல் சென்னையை அடுத்த ஆவடியில் வெளிவந்த விஜயந்தா டாங்கிக்கு வித்திட்டதும் அவருடைய நிர்வாகமே. இவ்வளவு இருந்தும் அவருடைய குறை பெருங்குறையாக முடிந்தது: தமக்கு உடன்படாத தளபதியின் அபிப்பிராயத்தை அவரால் பொறுக்க இயலவில்லை. 1959 ஆகஸ்டின் இறுதியில் தரைப்படைத் தலைவர் ஜெனரல் திம்மையா தம் ராஜிநாமாவைக் கொடுத்து, பிரதம மந்திரியின் வேண்டுகோளுக்கிணங்கித் திரும்பப் பெற்ற சம்பவம், அமைச்சகத்துக்குள் விசுவாசம் முறிந்துவிட்டதற்கு வெளிப்படையான அறிகுறி. 1962இல் தாக்லா மலைமுகட்டிலிருந்து சீனரை அகற்ற வேண்டுமென்று கட்டளை பிறந்தபோது, போதிய படையும் பாதையும் பண்டமும் இல்லாமல் அது ஆகாது என்று ஆட்சேபித்த லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங்கிடமிருந்து அந்தப் பகுதியின் பொறுப்பு பறிக்கப்பட்டு, புதிதாக அமைத்த படைப்பிரிவொன்று மேலிடத்தின் மனத்துக்கிசைந்த லெப்டினன்ட் ஜெனரல் கௌலிடம் ஒப்படைக்கப்பட்டது. பருத்திச் சீருடையோடும் கான்வாஸ் காலணியோடும் நாம்கா சூ ஆற்றங்கரைக்கு அனுப்பப்பட்ட ஜவான்கள் அக்டோபர் 20ஆம் நாள் விடியற்காலையில் அழிவைச் சந்தித்தார்கள். ‘முடியாது’ என்று உரைத்தவரின் சொல்லை ஒரே ஒரு வாரம் பொறுமையாகக் கேட்டிருப்பார்களாயின் அந்த உயிர்களில் எத்தனையோ தப்பியிருக்கும்.

மேனனுக்குப் பின் மகாராஷ்டிரத்தின் முதல் முதலமைச்சராயிருந்த யஷ்வந்த்ராவ் சவான் வரவழைக்கப்பட்டார். அவர் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட 1962 நவம்பர் 21ஆம் நாளே சீனா போர்நிறுத்தம் அறிவித்த நாளும் ஆகும். ராணுவ விஷயத்தில் முன்னனுபவம் ஏதுமற்ற அவர் செய்த முதற்காரியம், தளபதிகளையும் செயலாளரையும் ஒரே மேசையைச் சுற்றி அடிக்கடி அமர்த்தி, ஒருவர் முன்னிலையில் மற்றவர் தம் கருத்தை அஞ்சாமல் உரைக்கும்படி செய்தது. 1964இல் தொடங்கிய ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திட்டம், மலைப்போருக்கென்றே அமைந்த புதிய படைப்பிரிவுகள், 8,25,000 பேர் கொண்ட தரைப்படையையும் 45 ஸ்குவாட்ரன்கள் கொண்ட விமானப்படையையும் இலக்காகக் கொண்ட விஸ்தரிப்பு ஆகியவை எல்லாம், செய்தித்தாள்களின் முதற்பக்கத்தை எட்டாத அந்தக் கூட்டங்களின் பலன்கள். 1965 செப்டம்பர் முதல் நாள் மாலை, சம்ப் பகுதியில் பாகிஸ்தானின் டாங்கிகள் முன்னேறி வருகின்றன, விமானப்படையை உடனே அனுப்ப வேண்டும் என்று தரைப்படைத் தலைவர் ஜெனரல் சௌத்ரியும் விமானப்படைத் தலைவர் அர்ஜன் சிங்கும் அவர் அறைக்கு வந்து கேட்டபொழுது, கோப்பு சுற்றிவரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை; அங்கேயே, நிமிஷக்கணக்கில், அனுமதி அளித்தார். சூரியன் சாயுமுன் பதான்கோட்டிலிருந்து விமானங்கள் கிளம்பின. அந்த மாலையில் பழைய வாம்பயர் விமானங்கள் நான்கை நாம் இழந்தோம் என்பதும் உண்மையே. ஆயினும் தீர்மானத்தின் விலையையும் தம் தலைமேல் ஏற்கத் துணிந்தவரே மந்திரி என்கிற பாடம் அன்று நிலைபெற்றது.

1971ஆம் ஆண்டு, பாபு ஜகஜீவன் ராம் அப்பதவியில் இருந்த காலம். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வெள்ளமெனப் பெருகி வர, உடனே படையெடுக்க வேண்டும் என்ற ஆத்திரம் தேசமெங்கும் மிகுந்திருந்தது. மழைக்காலம் நெருங்குகிறது, ஆறுகள் கடலாகிவிடும், இமயத்தின் கணவாய்களில் பனி மூடும் வரை வடக்கையும் கவனிக்க வேண்டியிருக்கிறது, அவகாசம் வேண்டும் என்று தாம் மந்திரிசபையின் முன் மறுத்துரைத்ததாகத் தரைப்படைத் தலைவர் ஜெனரல் மானெக்‌ஷா பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த மறுப்புக்காக அவர் நீக்கப்படவில்லை. கேட்ட அவகாசம் கிடைத்தது. டிசம்பர் 3இல் தொடங்கிய யுத்தம் 16ஆம் நாள் டாக்காவில் முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சரணடைந்தனர். ஒன்பதே ஆண்டு இடைவெளியில் ஒரே தேசம், ஒரே சேனை, ஒரே அரசியல் சாசனம். ஒருமுறை தளபதியின் மறுப்பு தண்டிக்கப்பட்டது, மறுமுறை மதிக்கப்பட்டது. இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான தூரத்தை அளப்பதற்கு வேறு கோல் தேவையில்லை.

தமிழகத்திலிருந்து சென்றவர்களில் ஆர். வெங்கட்ராமனின் பணியை நம்மவர்கள் போதிய அளவு நினைப்பதில்லை. பட்டுக்கோட்டைக்கு அருகே ராஜாமடத்தில் பிறந்து, காமராஜரின் மந்திரிசபையில் தொழில் இலாகாவை நிர்வகித்துத் தேர்ந்த அவர், 1982 ஜனவரி முதல் 1984 ஆகஸ்ட் வரை பாதுகாப்பு மந்திரியாக இருந்தார். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டங்கட்டமாகச் செய்யலாம் என்ற யோசனையோடு பாதுகாப்பு விஞ்ஞானிகள் அருணாசலமும் அப்துல் கலாமும் அவர் முன் சென்றபோது, எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கும்படி அவர் சொன்னதையும், மறுநாள் காலைக்குள் திட்டத்தைத் திருத்திக் கொண்டுவர இரவு முழுவதும் தாங்கள் உழைத்ததையும் கலாம் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். 1983இல் 388 கோடி ரூபாய்க்கு அந்த ஒருங்கிணைந்த திட்டம் அனுமதி பெற்றது. பிருத்வி 1988 பிப்ரவரியிலும், அக்னி 1989 மே மாதத்திலும் விண்ணில் பாய்ந்தபொழுது வெங்கட்ராமன் ராஷ்டிரபதி பவனத்தில் இருந்தார். அமைச்சகத்தில் வேறொருவர் இருந்தார். பாதுகாப்பு மந்திரியின் உழைப்பு பெரும்பாலும் அவருக்குப் பின் வருபவரின் காலத்திலேயே பலன் தரும் என்பதால்தான், உடனடிப் புகழை நாடுபவர்களுக்கு அந்தப் பதவி உகந்ததன்று.

பசுமைப் புரட்சிக்கு அடிகோலிய சி. சுப்பிரமணியமும் அந்தப் பதவியை வகித்தார் என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை. 1979-80இல் சரண்சிங்கின் அற்பாயுள் அரசாங்கத்தில் அவருக்குக் கிடைத்தவை சில மாதங்களே. உணவுத்துறையில் ஆண்டுக்கணக்கான அவகாசம் பெற்று நாட்டின் பசியைத் தணித்த மகா நிர்வாகிக்கு, இங்கே ஒரு வரவுசெலவுத் திட்டத்தையேனும் நடத்திக் காட்டக் காலம் வாய்க்கவில்லை. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன், 2017 செப்டம்பரில் அந்த இலாகாவை முழுநேரமாக ஏற்ற முதல் பெண்மணி ஆனார். சென்னை, ஒசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து நகரங்களை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்தார். இரண்டாண்டுகள் நிறையுமுன்னரே நிதித்துறைக்கு மாற்றப்பட்டார். 2014 மே முதல் 2019 மே வரையிலான ஐந்தாண்டுகளில் அந்த ஆசனம் ஜேட்லி, பாரிக்கர், மீண்டும் ஜேட்லி, நிர்மலா சீதாராமன் என்று நான்கு முறை கைமாறியது. ஜேட்லி இருமுறையும் நிதி மந்திரியாகவும் இருந்தார். ‘இன்னும் வேண்டும்’ என்று கேட்கக் கடமைப்பட்டவரும், ‘இவ்வளவுதான்’ என்று மறுக்கக் கடமைப்பட்டவரும் ஒருவரே ஆகிவிட்டால், சேனையின் சார்பில் வாதாட மந்திரிசபையில் யார் இருக்கிறார்? எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கேள்வி பொருந்தும். ராஜீவ் காந்தியும் நரசிம்ம ராவும் பிரதம மந்திரிகளாக இருந்துகொண்டே ஆண்டுக்கணக்கில் அந்த இலாகாவையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

ஆசனம் ஓயாமல் கைமாறுவதால் விளையும் தீங்கை ஒரு சீர்திருத்தத்தின் சரித்திரம் தெளிவாகக் காட்டும். 1999இல் கார்கில் போர் முடிந்ததும், திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியத்தின் தலைமையில் அமைந்த பரிசீலனைக் குழு, பாதுகாப்பு நிர்வாகத்தின் குறைகளை விரிவாக ஆராய்ந்தது. அதனைத் தொடர்ந்து 2001இல் மந்திரிகள் குழு, முப்படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதி வேண்டுமென்று பரிந்துரைத்தது. மந்திரிகள் வந்தார்கள், போனார்கள். அந்தப் பதவி நிரப்பப்பட்டது 2020 ஜனவரி முதல் நாளன்று. முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், 2021 டிசம்பர் 8இல் நம் நீலகிரியின் குன்னூருக்கு அருகே ஹெலிகாப்டர் விபத்தில் உயிர்நீத்த பின், ஒன்பது மாதங்களுக்கும் மேலாக அந்த ஸ்தானம் வெறுமையாகவே கிடந்தது. பத்தொன்பது ஆண்டுகள் போராடிப் பெற்ற ஒரு பதவி இத்தனை காலம் காலியாகக் கிடந்தும் அதனைக் குறித்து ஊரில் நான்கு பேர் பேசவில்லை என்பது நமக்கும் பொருந்துகின்ற குறை.

நீண்ட காலம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்று கேட்பது முறையே. 2006 அக்டோபர் முதல் 2014 மே வரை, ஏழரை ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பதவி வகித்த ஏ.கே. அந்தோணி, நேர்மைக்குப் பெயர் பெற்றவர். ஆயினும் அவர் காலத்திலேயே டாங்கிப் படைக்குக் குண்டுகள் போதவில்லையென்று தரைப்படைத் தலைவர் பிரதம மந்திரிக்கு எழுதிய கடிதம் 2012இல் வெளியாயிற்று. 2014 பிப்ரவரியில், நீர்மூழ்கிக் கப்பல் விபத்துகளுக்குத் தார்மிகப் பொறுப்பேற்றுக் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஜோஷி பதவி விலகினார். நம் பக்கத்து அரியலூரில், மருதையாற்றுப் பாலத்தில், 1956 நவம்பரில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபொழுது, லால் பகதூர் சாஸ்திரி என்ற ரயில்வே மந்திரி தாமே ராஜிநாமா செய்தார். சீருடையணிந்தவர் விலகவும் அரசியல் தலைமை இருந்த இடத்திலேயே இருக்கவும் நேர்வது அந்த மரபுக்கு ஒவ்வாது. ஆகவே நீடித்த காலமும் நேர்மையும் தேவையான குணங்களே தவிர, முடிவெடுக்கும் துணிவும் பொறுப்பேற்கும் நெஞ்சுரமும் இல்லாவிடில் அவை நிறைவு பெறா. பிரிட்டனில் சர்ச்சில் 1940 முதல் பிரதம மந்திரி பதவியோடு பாதுகாப்பையும் தாமே வைத்துக்கொண்டு வெற்றி காணவில்லையா என்றும் கேட்பர். அவருக்கு அந்த ஐந்தாண்டுகளிலும் யுத்தம் ஒன்றே வேலை; சமாதான காலத்துப் பிரதம மந்திரிக்கோ நிதி மந்திரிக்கோ அது சான்றாகாது.

பொறுப்புணர்வுக்கு ஓர் உதாரணமும் நம்மிடையே உண்டு. ஜார்ஜ் பெர்னாண்டஸ் பாதுகாப்பு மந்திரியாக இருந்தபோது, சியாச்சின் வீரர்களுக்கான பனிச்சறுக்கு வண்டிகளின் கொள்முதலைத் தாமதித்த அதிகாரிகளை, அந்தப் பனிமலைக்கே சென்று வரும்படி பணித்தார். அங்கே தாமும் பலமுறை நேரிற் சென்றவர் அவர். கோப்பில் ஒரு கையெழுத்துத் தாமதிப்பதற்கும், 18,000 அடி உயரத்தில் ஒரு ஜவான் விறைத்துப்போவதற்கும் இடையேயுள்ள சம்பந்தத்தை அதிகாரி உணர வேண்டுமானால், அதனை முதலில் மந்திரி உணர்ந்திருத்தல் வேண்டும்.

நாம் என்ன செய்யக்கூடும்? நம் கல்வராயன் மலையில், 1976ஆம் ஆண்டு வரை மூன்று ஜாகிர்தார்களின் பரம்பரை அதிகாரம் செல்லுபடியாகி வந்தது. மலைக்குடிகளுக்கு எந்தக் கணக்கும் காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கவில்லை. ஜனநாயகத்தின் அதிகாரம் அதற்கு நேர்மாறானது. கணக்குக் காட்டுவதிலேதான் அதன் தகுதி இருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கான கோடி ரூபாய்க்கான பாதுகாப்பு மானியக் கோரிக்கை, விவாதமே இன்றி, மற்றக் கோரிக்கைகளோடு ஒரே மூச்சில் மக்களவையில் நிறைவேறுவது பல ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. 1962ஆம் ஆண்டுத் தோல்வியை ஆராய்ந்து ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் 1963இல் சமர்ப்பித்த அறிக்கையை அரசாங்கம் அறுபது ஆண்டுகள் கடந்தும் மக்கள் முன் வைக்கவில்லை. பழைய தவறுகளை மறைத்து வைக்கின்ற அமைச்சகம் புதிய தவறுகளைத் தவிர்க்கக் கற்றுக்கொள்வது அரிது.

எனவே கள்ளக்குறிச்சித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர், அவர் எக்கட்சியினராயினும், நான்கு விஷயங்களைச் சபையில் வற்புறுத்த வேண்டும் என்று நாம் கேட்போமாக. பாதுகாப்பு இலாகா வேறெந்த இலாகாவோடும் சேர்க்கப்படாமல், ஒரு முழுநேர மந்திரியிடம், தக்க காரணமின்றி மாற்றப்படாதபடி ஒப்படைக்கப்பட வேண்டும். அதன் மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் சபையில் முழுமையாக விவாதிக்கப்பட வேண்டும். எந்தப் பதவிகள் காலியாக உள்ளன, எந்தக் கொள்முதல் எத்தனை ஆண்டு தாமதித்திருக்கிறது என்பதை, ரகசியத்துக்குப் பங்கமின்றி, மந்திரி எழுத்து மூலம் சமர்ப்பிக்க வேண்டும். 1963ஆம் ஆண்டின் அறிக்கை வெளியிடப்பட வேண்டும். ஏரிக்கரையில் ஓடிப் பழகுகின்ற பிள்ளை தன் உயிரை ஈடு வைத்துச் சேனையில் சேர்கிறான். அவனை அனுப்புகின்ற ஊருக்கு, அவனை ஆள்பவர் யார், அவர் தம் கடமையை எவ்வாறு செய்தார் என்று ஆண்டுக்கொரு முறையேனும் கேட்டு, பதில் பெறும் உரிமை உண்டு. வாக்குக் கேட்டு வருகின்ற ஒவ்வொருவரிடமும் அந்த உரிமையை நாம் கேட்டுப் பெறுவோமாக.